கட்டாமல் கட்டிய கட்டடம்

இயற்கையைக் காட்டுகிறேன் என்று கிளம்பி அதையே மறைத்துவிடும் பார்வையாளர் மையங்களுக்கு நடுவே, ஜோத்பூரின் பாறைப் பூங்கா ஒரு பழைய நகர வாசலுக்குள் ஒதுங்கிக்கொண்டது

ஜோத்பூரில் மெஹ்ரான்கட் கோட்டைக்கு வரும் பயணிகளில் பெரும்பாலோர் கொத்தளத்தில் நின்றதும் காமிராவை ஒரே பக்கமாகத் திருப்புவார்கள். கீழே நீல நிற வீடுகள். படத்தில் அழகாக விழும். கோட்டையை ஒட்டிய மற்றொரு பக்கத்தில் இருப்பது பாறை, மேலும் பாறை. சூளை எரிந்து அடங்கிய இடம் போலக் கருஞ்சிவப்பாகவும் பழுப்பாகவும் மேடும் பள்ளமுமாகக் கிடக்கும் அந்த நிலத்தைக் காசு கொடுத்து வந்து பார்க்க ஆள் இருக்கும் என்று இருபது வருடங்களுக்கு முன்னால் யாரும் பந்தயம் கட்டியிருக்க மாட்டார்கள்.

இன்று வருகிறார்கள். அந்த நிலத்தின் பெயர் ராவ் ஜோதா பாலைவனப் பாறைப் பூங்கா. 1459இல் ஜோத்பூரை நிறுவிய மன்னரின் பெயர். பரப்பு 70 ஹெக்டேர், ஏக்கர் கணக்கில் 170க்குச் சற்று மேல். கோட்டையை நிர்வகிக்கும் மெஹ்ரான்கட் மியூசியம் டிரஸ்ட் 2006இல் வேலையை ஆரம்பித்து, 2011 பிப்ரவரியில் பொதுமக்களுக்குத் திறந்தது.

டிக்கெட் எங்கே என்று தேடிக்கொண்டு வருபவர் நேரே போய்ச் சேருவது சிங்கோரியா போல் என்ற பழைய வாசலில். நகரத்தின் மதிலில் இருந்த வாயில்களில் ஒன்று. பல தலைமுறைகளாக நின்றிருக்கும் கல் கட்டடம். பார்வையாளர் மையம் எங்கே என்று கேட்டால், நீங்கள் நிற்பதுதான் அது என்பார்கள். கண்காட்சிக் கூடம், சிறிய கடை, டீ குடிக்க ஓர் இடம், பாலைவனச் செடிகளுக்கான நாற்றங்கால் எல்லாம் இந்த வாசலிலும் அதை ஒட்டியும் அடங்கிவிட்டன. பூங்காவுக்கென்று பளபளக்கும் புதிய கட்டடம் ஒன்றை யாரும் எழுப்பவில்லை.

சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆனால் நம் நாட்டில் ஒரு பூங்காவுக்குப் பணம் ஒதுக்கப்பட்டதும் என்ன நடக்கும் என்று தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய புலனடக்கம் என்பது புரியும். முதலில் வளைவு வரும். பிறகு மரத்தடி போலவே வார்த்து, பட்டையின் வெடிப்பைக்கூட விடாமல் பழுப்பு வர்ணம் அடித்த சிமெண்ட் பெஞ்சுகள். காளான் வடிவத்தில் நிழற்குடை. வாயைத் திறந்தபடி குப்பையை வாங்கிக்கொள்ளும் பென்குவின். அதன் பிறகு, இடம் மிச்சமிருந்தால், இயற்கை. இந்தியாவின் மலை வாசஸ்தலங்களிலும் அருவிக் கரைகளிலும் சரணாலய வாசல்களிலும் இந்தக் காட்சியைக் காணாமல் திரும்பியவர் அபூர்வம்.

நிலத்தோடு ஒத்துப்போகும் கட்டடம் என்பதை நம் பொதுப்பணித் துறைகள் பெரும்பாலும் நிலத்தைப் போல நடிக்கும் கட்டடம் என்றே புரிந்துகொண்டிருக்கின்றன. இரண்டுக்கும் நடுவிலிருக்கும் தூரம் உலகம் முழுவதுமே கட்டடக் கலைஞர்களைப் படுத்தி வைத்திருக்கிறது.

அமெரிக்காக்காரர்கள் இதில் முன்னோடிகள், தவறு செய்வதிலும் சேர்த்து. கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் விளிம்பில் மேரி கோல்ட்டர் என்ற பெண் கட்டடக் கலைஞர் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வரிசையாகச் சில கட்டடங்களை எழுப்பினார். அங்கேயே கிடைத்த, வெயிலிலும் மழையிலும் அடிபட்ட கற்களைப் பொறுக்கி எடுத்துக் கட்டியதால் பாறையிலிருந்து முளைத்தவை போல நிற்கின்றன. அவற்றில் 1932இல் முடிந்த காவல் கோபுரம் 70 அடி உயரம். பழங்குடியினர் என்றோ கட்டிவிட்டுப் போன பாழடைந்த கோபுரம் என்று நினைக்கத் தோன்றும். உள்ளே இருப்பதோ ரயில்வே கம்பெனி போட்ட இரும்புச் சட்டம். அழகான பொய் என்று சொல்பவர்களும் உண்டு. ஆனால் 90 வருடங்களாக அந்தப் பள்ளத்தாக்கு அதைச் சகித்துக்கொண்டிருக்கிறது.

பார்வையாளர் மையம் என்ற பெயரே அதற்குப் பின்னால் வந்ததுதான். உலகப் போர் முடிந்து கார்களில் ஏறிய அமெரிக்கர்கள் தேசியப் பூங்காக்களுக்குள் வெள்ளமாகப் புகுந்தபோது, கழிப்பறை ஓர் இடத்தில், வரைபடம் ஓர் இடத்தில், அருங்காட்சியகம் வேறு இடத்தில் என்று சிதறிக் கிடந்ததை ஒரே கூரையின் கீழ் கொண்டுவர 1956இல் பத்தாண்டுத் திட்டம் ஒன்று போட்டார்கள். மிஷன் 66 என்று பெயர். கான்கிரீட், கண்ணாடி, தட்டைக் கூரை என்று காலத்துக்கேற்ற கட்டடங்கள் எழுந்தன. பார்க்க வேண்டிய இடத்துக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் கொண்டுபோய் வைப்பது அப்போது வசதியாகத் தெரிந்தது. அதன் விலை பிறகு புரிந்தது. உள்நாட்டுப் போர் நடந்த கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில், ரிச்சர்ட் நியூட்ரா என்ற பெரும்புள்ளி வடிவமைத்து 1962இல் திறந்த மையத்தை 2013இல் இடித்தே தள்ளினார்கள். கட்டடத்தில் குறை இருந்ததோ இல்லையோ, அது நின்றது போர்க்களத்தின் மீதே. வீரர்கள் செத்து விழுந்த மேட்டைக் காண வந்தவர்கள் கட்டடத்தைத்தான் கண்டார்கள்.

அதே 2013இல் இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்சில் புதிய மையம் திறந்தபோது இந்தப் பாடத்தை நினைவில் வைத்திருந்தார்கள். கல்வட்டத்திலிருந்து ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டர் தள்ளி, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வைத்தார்கள். அயர்லாந்துத் தீவின் வட முனையிலுள்ள ஜயன்ட்ஸ் காஸ்வேயில் 2012இல் திறந்த மையம் வேறு வழியைப் பிடித்தது. பாதி மண்ணுக்குள் அமிழ்ந்து, கூரையில் புல் வளர்த்து, நடப்பவர்கள் தலைமேல் ஏறிப் போகவும் அனுமதித்துவிட்டது.

ஜோத்பூரின் வழி இவற்றைவிட மலிவு. ஏற்கனவே நிற்கும் கட்டடத்தை நிலம் எப்போதோ ஏற்றுக்கொண்டாகிவிட்டது. அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டால் புதிதாக அனுமதி கேட்க வேண்டியதில்லை. தடித்த கல் சுவர்களுக்குள் வெயில் அவ்வளவு சீக்கிரம் நுழையாது என்பது கூடுதல் லாபம். கோடையில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும் ஊரில் கண்ணாடிப் பெட்டி ஒன்றைக் கட்டி அதைக் குளிரூட்டும் மின்சாரக் கட்டணத்தை நினைத்துப் பார்க்கலாம்.

ஆனால் வாசலைச் சரிசெய்தது எளிய பகுதி. வாசலுக்கு அப்பால் காட்டுவதற்கு அப்போது ஒன்றும் இல்லை என்பதுதான் தலைவலி. இருந்தது ஒரே ஒரு செடி.

தமிழர்களுக்கு அதை அறிமுகம் செய்து வைக்கத் தேவையில்லை. சீமைக் கருவேலம். ராமநாதபுரத்தில் கண்மாயை அடைத்துக்கொண்டு நிற்பதும், 2017இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அகற்றச் சொல்லி உத்தரவிட்டதும் இதைத்தான். மெக்சிகோ, தென் அமெரிக்கப் பக்கத்து மரம். 1877இல் அன்றைய சென்னை மாகாணத்தின் கடப்பை ஜில்லாவில் விறகுக்காக முதலில் விதைக்கப்பட்டதாகப் பதிவு. ஜோத்பூருக்கு அது ஆகாய மார்க்கமாக வந்தது. பாலைவனத்தைப் பசுமையாக்கும் ஆசையில் மகாராஜா உமைத் சிங் 1930களில் விமானத்திலிருந்து அதன் விதைகளைத் தூவச் செய்தார். விமானம் ஓட்டுவதில் மகாராஜாவுக்கு மோகம் உண்டு. 1940இல் ஜோத்பூர் சமஸ்தானம் இதை ராஜ மரமாக அறிவித்து, பாதுகாக்கும்படி குடிகளுக்குச் சொன்னது. பாதுகாப்புத் தேவைப்படாத மரம் அது என்பது குடிகளுக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. உள்ளூரில் பாவலியா என்பார்கள். அதன் அடியில் வேறு செடிகள் தலையெடுப்பது கஷ்டம். ஆடுகள் இலையைத் தொடாது. இனிப்பான நெற்றை மட்டும் தின்று, விதையை ஊர் முழுக்கப் போட்டுவிட்டு வரும்.

கோட்டையடிப் பாறை நிலத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் பொறுப்பு பிரதீப் கிருஷனிடம் வந்தது. ஆளின் பூர்வாசிரமம் சுவாரசியமானது. 'மாஸ்ஸி சாஹிப்' என்ற இந்திப் படத்தை இயக்கியவர். அருந்ததி ராய் திரைக்கதை எழுதிய டெல்லி ஆர்க்கிடெக்சர் மாணவர்களின் கதையைத் தூர்தர்ஷனுக்காக 1989இல் எடுத்தவரும் இவர்தான். பிறகு சினிமாவை விட்டுவிட்டு மரங்களின் பின்னால் போனார். டெல்லியின் மரங்களைப் பற்றி அவர் 2006இல் வெளியிட்ட கையேடு தாவரவியல் படிக்காத நகரவாசிகளையும் தலை நிமிர்ந்து பார்க்க வைத்தது. ஜோத்பூர் வேலையும் அதே ஆண்டில்தான் தொடங்கியது.

பாவலியாவை வெட்டினால் மறுபடி துளிர்க்கும். தரைக்குக் கீழே வேரின் மேற்பகுதியில் உறங்கும் மொட்டுகள் இருக்கும்வரை அதற்குச் சாவில்லை. அரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக, சுமார் 45 சென்டிமீட்டர் ஆழம்வரை தோண்டி வேர்க்கட்டையை எடுத்தாக வேண்டும். மண்ணாக இருந்தால் புல்டோசரைக் கூப்பிடலாம். இங்கேயோ எரிமலைப் பாறை. வெடி வைக்கலாம் என்றால் தலைக்கு மேலே 15ஆம் நூற்றாண்டுக் கோட்டை நிற்கிறது.

தீர்வு பக்கத்திலேயே இருந்தது. கண்ட்வாலியாக்கள் என்று அழைக்கப்படும் பரம்பரைக் கல்லுடைப்பவர்கள். ஜோத்பூரைச் சுற்றியுள்ள மணற்கல் குவாரிகளில் தலைமுறை தலைமுறையாக வேலை செய்தவர்கள். கையில் சுத்தியலும் உளியும். பாறையைத் தட்டி, எழும் ஓசையை வைத்தே அது எங்கே பலவீனமாக இருக்கிறது, விரிசல் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று சொல்லிவிடுவார்கள். நம்மூர்ச் சிற்பிகள் கல்லைத் தட்டிப் பார்த்து ஆண் கல், பெண் கல் என்று பிரிப்பதைப் போன்ற காது. எந்தத் தாவரவியல் புத்தகத்திலும் இல்லாத இந்த அறிவுதான் பூங்காவைக் காப்பாற்றியது. ஒவ்வொரு புதராக, ஒவ்வொரு குழியாக, பாறையைச் செதுக்கி வேரை வெளியே எடுத்தார்கள்.

அப்படி எடுத்த குழிகளை வீணாக்கவும் இல்லை. பாவலியா எங்கே வேர்விட்டிருந்ததோ அங்கே பாறையில் விரிசல் இருக்கிறது, தண்ணீர் கொஞ்சமாவது இறங்குகிறது என்று அர்த்தம். எதிரி கண்டுபிடித்துக் கொடுத்த அந்தக் குழிகளிலேயே மண் நிரப்பி மண்ணின் மைந்தர்களை நட்டார்கள்.

எதை நடுவது என்பதிலும் ஒரு சபலத்தைத் தவிர்க்க வேண்டியிருந்தது. ராஜஸ்தான் என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது கேஜ்ரி. மாநில மரம். தமிழில் நாம் வன்னி என்று கோயில்களில் வைத்துக் கும்பிடும் அதே மரம். தாவரவியல் முறையில் பாவலியாவுக்கு நெருங்கிய சொந்தம் என்பது ஒரு வேடிக்கை. ஆனால் கேஜ்ரி ஆழமான மணலில் வேரை இறக்கி வாழ்வது. இங்கே தேவை பாறையைப் பிளந்து வாழும் ஜாதி. அதனால் தார் பாலைவனத்தின் பாறைப் பகுதிகளைத் தேடிப் போய் விதை சேகரித்து வந்து, நாற்றங்காலில் வளர்த்து நட்டார்கள். கள்ளி இனத்தைச் சேர்ந்த தோர், ஊறுகாய்க்குப் பேர்போன கேர், பிசினும் விதையும் தரும் கும்மட், கயிறு திரிக்க உதவும் கீம்ப். இவற்றில் பலவும் மார்வாட் வீடுகளின் சமையலறையிலோ மருந்துப் பெட்டியிலோ இடம் பெற்றவை. கேரும் கும்மட்டும் சேரும் பஞ்ச்குட்டா இல்லாமல் அந்தப் பக்கத்து விருந்து நிறையாது.

மழை ஆண்டுக்குச் சராசரியாக 36 சென்டிமீட்டர் அளவில் விழும் ஊர் இது. அதுவும் பெரும்பகுதி ஜூலை முதல் செப்டம்பருக்குள். பாறை தன்மேல் விழும் தண்ணீரை உறிஞ்சாமல் ஓட விடும் என்பதை ஜோத்பூர்க்காரர்கள் முன்பே கணக்கிட்டு வைத்திருந்தார்கள். பூங்காவுக்குள் பாறையை வெட்டி எடுத்த ஹாத்தி நஹர் என்ற பழைய கால்வாய் ஒன்று இருக்கிறது. பெயரின் அர்த்தம் யானைக் கால்வாய். சரிவுகளில் வழியும் மழைநீரைக் கோட்டையடியில் உள்ள ராணிசர், பதம்சர் ஏரிகளுக்குக் கொண்டு சேர்க்கும் ஏற்பாட்டின் பகுதி. வண்ணக் குறிகளால் பிரித்துக் காட்டப்பட்ட நடைபாதைகளில் ஒன்று இந்தக் கால்வாய்ப் பள்ளத்தின் வழியாகவே போகிறது. இருபுறமும் பாறைச் சுவர், வெயில் ஏறிய பிறகும் கொஞ்சம் நிழல். பழைய வாசலை மையமாக்கிக்கொண்ட அதே சிக்கனம் இங்கேயும். புதிதாகப் பாதை போடாமல் தண்ணீர் போன வழியில் ஆட்களை அனுப்பிவிட்டார்கள்.

பாறையின் வயதைக் கேட்டால் கோட்டையும் கால்வாயும் நேற்றுக் கட்டியவை என்று தோன்றும். ரையோலைட் என்று புவியியலாளர்கள் சொல்லும் இந்த எரிமலைக் குழம்பு ஆறியது 70 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய சமாசாரம். கோட்டையடியில் உள்ள பாறை அமைப்பைத் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அறிவித்திருக்கிறது. கல்லில் எழுதி வைத்த இந்த வரலாற்றை வெறும் கண்ணால் படிக்க முடியாது. கண்காட்சிக் கூடம் தேவைப்படுவது இதற்காகத்தான்.

இதற்காக மட்டும் என்றும் சொல்ல முடியாது. பாலைவனப் பூங்காவுக்கு ஒரு சங்கடம் உண்டு. சுற்றுலாப் பயணிகள் குளிர்காலத்தில் வருகிறார்கள். செடிகளோ மழைக்காலத்துக்காகக் காத்திருப்பவை. ஆகஸ்டில் பாறையிடுக்கெல்லாம் பச்சை பொங்கி வழியும் இடத்துக்குக் கோடையில் வருபவர் காணப்போவது, செத்துவிட்டதோ என்று சந்தேகிக்க வைக்கும் குச்சிகளை. இலையை உதிர்த்துவிட்டு உயிரைத் தண்டுக்குள் இழுத்துக்கொண்டு அடுத்த மழைவரை தூங்குவதுதான் அவற்றின் சாமர்த்தியம் என்று யாராவது எடுத்துச் சொன்னால் ஒழிய, கொடுத்த காசு வீண் என்றுதான் அவர் திரும்புவார். பூச்செடி வைத்து, புல்தரை போட்டு, குழாயில் தண்ணீர் பாய்ச்சி அவரைத் திருப்திப்படுத்துவது எளிது. பெரும்பாலான பூங்காக்கள் அதைத்தான் செய்கின்றன. இங்கே அதைச் செய்யாமல், விஷயம் தெரிந்த வழிகாட்டிகளைக் கூட அனுப்புகிறார்கள். மனசைத் தயார்செய்து அனுப்பும் வேலையை வாசலிலேயே முடித்துவிட வேண்டும். நல்ல பார்வையாளர் மையத்தின் அழகு அதன் சுவரில் இல்லை, இந்தத் தயாரிப்பில் இருக்கிறது என்று தோன்றுகிறது.

எல்லா இடத்திலும் பழைய வாசல் ஒன்று காத்திருக்காது என்பது நியாயமான ஆட்சேபம். அப்படிப்பட்ட இடங்களுக்கும் முன்மாதிரி இல்லாமல் இல்லை. ஆரோவில்லின் பார்வையாளர் மையம் மண்ணை அழுத்திச் செய்த கற்களால் கட்டப்பட்டது. சூளை வைத்துச் சுடவில்லை. கொஞ்சம் சிமெண்ட் கலந்து இயந்திரத்தில் அழுத்தியதோடு சரி. ஏழைகளுக்கான கட்டடக் கலைக்காக எகிப்தியக் கலைஞர் ஹசன் ஃபாத்தி பெயரில் தரப்படும் சர்வதேச விருது 1992இல் அதற்குக் கிடைத்தது. செம்மண் நிலத்தில் செம்மண் நிறத்தில் நிற்கும் கட்டடத்துக்கு வர்ணம் அடிக்கும் செலவும் இல்லை.

இன்னொரு ஆட்சேபம் கனமானது. பாவலியாவை எல்லோரும் திட்டுவதில்லை. மேற்கு ராஜஸ்தானிலும் கட்ச்சிலும் ராமநாதபுரத்திலும் ஏழை வீட்டு அடுப்பு எரிவது அதன் விறகால். கரிமூட்டம் போட்டுப் பிழைப்பவர்களுக்கு அதுதான் பயிர். 70 ஹெக்டேரில் உளி வைத்துப் பிடுங்கியதை ஒரு மாநிலம் முழுவதும் செய்ய முடியுமா, செய்தால் விறகுக்கு வழி என்ன என்ற கேள்விகளுக்குப் பாறைப் பூங்கா பதில் சொல்லவில்லை. டிரஸ்டின் பணமும் அவசரப்படாத மனிதர்களும் ஐந்து ஆண்டு அவகாசமும் கிடைத்த இடம் அது. தேர்தலுக்குள் நாடா வெட்டியாக வேண்டிய துறைகளுக்கு இந்த வேகம் கட்டுப்படியாகாது.

இருந்தாலும் அரசுத் தரப்பில் ஒரு தடவை கட்டுப்படியாகியிருக்கிறது. ஜெய்ப்பூரில் நாஹர்கட் மலையடிவாரத்தில் மணல் மேடும் பாறையுமாகக் கிடந்த சுமார் 64 ஹெக்டேர் நிலத்தில், ஜெய்ப்பூர் வளர்ச்சி ஆணையத்துக்காக கிஷன் பாக் என்ற பூங்காவை பிரதீப் கிருஷன் அமைத்தார். 2021இல் திறந்தது. அங்கேயும் நாயகர்கள் பாலைவனத்தின் புல்லும் புதரும்தான். ரோஜாத் தோட்டத்தை எதிர்பார்த்து வருபவருக்கு ஏமாற்றம் நிச்சயம்.

ஜோத்பூரில் வேலை இன்னும் ஓயவில்லை, ஓயவும் ஓயாது. மதிலுக்கு வெளியே பாவலியா எப்போதும்போலச் செழிப்பாக நிற்கிறது. ஆடுகள் நெற்றைத் தின்கின்றன. மழை பெய்து முடிந்ததும் பாறையிடுக்கில் இரண்டு இலையோடு எட்டிப் பார்க்கும் கன்றுகளை, வேர் ஆழமாக இறங்குவதற்குள் தேடிப் பிடித்துப் பிடுங்கியாக வேண்டும். அந்த வயதில் கையே போதும். ஒரு வருடம் அசந்தால் மறுபடி உளி எடுக்க வேண்டியிருக்கும்.